மிச்சம் அடுத்த ஊசிக்கு

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி படித்த பிறகு நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாக இருக்கும். எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். என் மனைவி கல்யாணமான மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டாள். மலைமேல் இருந்த நர்சம்மாவுக்கும் அதே மூன்று நாள்தான் ஆனது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டி இருந்த ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள் மருந்து அறையில் உட்கார்ந்து மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துணித் தடுப்புக்கு அந்தப்புறம் நர்சம்மா யாருக்கோ கால் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தார். அவர் குரல் கேட்டது.

"குகைக்குள்ள எல்லாரையும் விட்டு, வாசல்ல பாறாங்கல்லை வெச்சு அடைச்சிட்டான். நெத்தியில ஒத்தக் கண்ணு. வேளைக்கு ரெண்டு ஆளுன்னு தின்னுகினு இருக்கான். இதுவரைக்கும் நாலு பேரு போயாச்சு."

எண்ணிய மாத்திரையைக் கொட்டிவிட்டுத் தடுப்பைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

"எந்த ஊர்ல சிஸ்டர்? போலீசுக்குச் சொல்லியாச்சா?"

நர்சம்மா நிமிர்ந்து பார்த்தார். புண்ணுக்காரரும் பார்த்தார்.

"கிரேக்க தேசத்துல. மூவாயிரம் வருசத்துக்கு முன்ன. நீ போய் எழுதிக் குடுத்துட்டு வா கம்பவுண்டரே, நான் அதுக்குள்ள கட்டை முடிச்சிடறேன்."

புண்ணுக்காரர் சிரித்த சிரிப்பில் பஞ்சைப் பிய்த்தெடுத்த வலி அவருக்குத் தெரியவேயில்லை. அன்றிலிருந்து அந்த மலையில் என் பெயர் 'போலீசு கம்பவுண்டரு'.

நர்சம்மாவின் பெயரை எழுதப்போவதில்லை. அவரே யார் பெயரையும் கதையில் சொல்லமாட்டார். "அந்த ஊருப் பேரை வாயில நுழைக்கறதுக்குள்ள ஊசியே போட்டு முடிச்சிடலாம்" என்பார். அவர் கதைகளில் வருகிறவர்கள் ஒத்தக் கண்ணன், பாட்டுக்காரன், மெழுகு றெக்கைப் பையன், தானியத்தாயி, கப்பக்காரன். அவ்வளவுதான். அந்தக் கணக்கில் அவரும் நர்சம்மா. அது போதும்.

சின்னசேலம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். முப்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைப் புடவை, ரப்பர் செருப்பு, வளையலில் எப்போதும் மூன்று ஊக்கு. அவரிடம் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக யாரோ ஒரு வெள்ளைக்காரர் எளிமையாக எழுதிய கிரேக்க, ரோமாபுரிப் பழங்கதைகள். அட்டை கிடையாது, காலண்டர் தாளில் உறை போட்டிருந்தார். நர்சுப் படிப்பு படித்த விடுதியில் பீரோ ஆடாமலிருக்க அதன் காலுக்கு அடியில் வைத்திருந்தார்களாம். படிப்பு முடிந்து கிளம்பும்போது அங்கே ஒரு செங்கல்லை வைத்துவிட்டு இதை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

"அந்த ஊரு சாமிங்களுக்கு ஒரு மலை உண்டு" என்று ஆரம்பிப்பார். "மேல ஒக்காந்துகினு கீழ நடக்கறதை வேடிக்கை பாக்குமுங்க. சண்டை போடும், பொறாமைப்படும், பொண்டாட்டிக்குத் தெரியாம கீழ எறங்கி வரும்."

"அப்ப நம்ம மலை மாதிரிதான்" என்பார் வந்தவர்.

"அதே. அங்கயும் பஸ்ஸு ஒரு நாளைக்கு ஒரு வாட்டிதான்."

ரோமாபுரிக்காரர்களைப் பற்றிக் கேட்டால், "கிரேக்கக்காரன் சாமியையெல்லாம் வாங்கியாந்து பேரை மட்டும் மாத்தி வெச்சுகினான். வேட்டிக் கரையை மாத்தினா ஆளு மாறிடுவானா?" என்பார். இந்தப் பழங்கதைகளைத் தெரிந்துகொள்ள நான் பிற்காலத்தில் வாங்கிய மூன்று புத்தகங்களிலும் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று. நர்சம்மா எந்தக் கதையையும் முடிக்கமாட்டார்.

பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டுத் தடவும்போது கதை கிளம்பும். கண்ணாடி ஊசிக்குழாயை வெளிச்சத்துக்குத் தூக்கிக் காற்றை வெளியேற்றும்போது கதை உச்சத்துக்குப் போகும். ஊசி உள்ளே போகிற அந்த நொடியில் நின்றுவிடும். "அப்புறம்?" என்று ஆள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஊசி வெளியே வந்திருக்கும். பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, "மிச்சம் அடுத்த ஊசிக்கு" என்பார்.

மெழுகு றெக்கைப் பையனை ஒரு தடவை பதினைந்து நாள் ஆகாயத்திலேயே நிறுத்திவைத்துவிட்டார். அப்பன், சூரியன் கிட்ட போகாதே என்று சொல்லியிருக்கிறான். பையன் போகிறான். மெழுகு ஒரு சொட்டு கையில் விழுகிறது. அத்தோடு ஊசி. ஒரு ஊரே அந்தப் பையனுக்காகக் கவலைப்பட்டது. கேழ்வரகு அறுத்துக்கொண்டிருந்த ஒருவர் சாலையில் என்னை நிறுத்தி, "இன்னா சார், அந்தப் புள்ள இன்னும் மேலயேதான் கீதா?" என்றார். நான் அன்றைக்கும் மேலே அண்ணாந்து பார்த்தேன். சொன்னேனே, முட்டாள்.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்றுதான் நினைத்திருந்தேன். காசநோய் அட்டைகளைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

அப்போது வைத்தியம், வாரத்துக்கு இரண்டு நாள் என்று ஒரு வருஷம். ஊசியும் போட்டுக்கொண்டு மாத்திரையையும் எங்கள் முன்னாலேயே விழுங்க வேண்டும். மலைக்கிராமங்களிலிருந்து இரண்டு மணிநேரம் மூன்று மணிநேரம் நடந்து வருவார்கள். மூன்றாம் மாதம் இருமல் நின்றுவிடும். கன்னத்தில் சதை பிடிக்கும். 'அதான் நல்லாயிடுச்சே' என்று நின்றுவிடுவார்கள். உள்ளே இருப்பது நிற்காது. அது இன்னொரு முறை எழுந்தால் பழைய மருந்துக்கு அடங்காது.

நர்சம்மாவின் ஆட்கள் நிற்கவில்லை. ஒவ்வொருவர் அட்டையின் முன்பக்கத்திலும் ஊசித் தேதி. பின்பக்கத்தில் பென்சிலில் பொடி எழுத்து: '11 - மாதுளம்பழத்தை உரிச்சிட்டா.' '12 - வாய்கிட்ட கொண்டுபோறா.' '13 - இன்னும் திங்கல.' பாதாளத்துச் சாமி தூக்கிக்கொண்டு போன தானியத்தாயியின் மகள், தின்றால் வீடு திரும்ப முடியாத அந்த மாதுளை முத்தைத் தின்றாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு அம்மாள் மூன்று ஊசி வந்திருக்கிறார்.

"முடிஞ்சா எந்திரிச்சுப் போயிடுவாங்க கம்பவுண்டரே. அதான் முடிக்கறதில்ல."

"அப்ப வருசம் முடிஞ்சு கடைசி ஊசி அன்னிக்கு?"

"அன்னிக்கு வேற கதையை ஆரம்பிச்சு விட்டுடுவேன். போற வழியெல்லாம் நெனச்சுகினு போவட்டும்."

ஒருவன் அப்பனை முதுகில் சுமந்துகொண்டு வருவான். கிழவருக்கு நடக்கத் தெம்பில்லை. அவனுக்கு நர்சம்மா ரோமாபுரிக் கதையை எடுத்தார். ஊரு எரிகிறது, ஒருத்தன் அப்பனை முதுகில் போட்டுக்கொண்டு நெருப்புக்குள் ஓடி வருகிறான், அவன் வம்சம்தான் பின்னால் ரோமாபுரியைக் கட்டியது.

"எனக்கும் ஊரு கெடைக்குமா நர்சம்மா?"

"மொதல்ல நெருப்பைத் தாண்டு. அப்பனுக்கு இன்னும் அம்பது ஊசி கீது."

தாண்டினான். அந்த ஐம்பதில் கடைசி ஊசிக்குக் கிழவர் தானே நடந்து வந்து, பின்னால் வந்த மகனிடம், "எறங்கறப்ப இடுப்பு புடிச்சா சொல்லுடா, தூக்கிக்கறேன்" என்றார்.

கதை மட்டுமல்ல, தன்னைப் பற்றியும் முடிக்கமாட்டார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று ஒரு நாள் கேட்டேன். எனக்கு அந்த அளவுக்கு வாய்க்கொழுப்பு. அவர் கோபப்படவில்லை. "ஒருத்தர் வந்தாரு. எங்கப்பாவுக்கும் புடிச்சுது. மூணாவது வாட்டி வந்தப்ப கையில ஒரு கடுதாசி இருந்துச்சு..." என்று சொல்லிவிட்டு ஊசிகளைக் கொதிநீரில் போடப் போய்விட்டார்.

"அப்புறம் சிஸ்டர்?"

"உனக்கு இன்னா காசநோயா? போய் மாத்திரையை எண்ணு."

அந்தக் கடுதாசியில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப்போடத்தான்.

தை மாதம் வந்தாள். இருபத்தைந்து வயதுக்குள். மேலே ஒரு மலைக்கிராமம். புருஷன் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய் இரண்டு வருஷம். முதல் வருஷம் ஆள்மூலம் செய்தி வந்தது, அப்புறம் இல்லை. மாமியாரோடு இருந்தாள். எடை முப்பத்திரண்டு கிலோ. அவளுக்கு நர்சம்மா கப்பக்காரன் கதையை எடுத்தார். சண்டைக்குப் போனவன்; சண்டை முடிந்து எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள்; இவன் மட்டும் கடலில் தீவு தீவாக அலைகிறான்; வீட்டில் பெண்டாட்டி காத்துக்கொண்டிருக்கிறாள், பகலில் நெய்த துணியை ராத்திரியில் பிரித்துக்கொண்டு.

அந்தக் கதைக்குத் தீவுகள் ஏராளம். ஊசிக்கு ஒரு தீவு என்றால்கூட வருஷம் ஓடிவிடும். அவள் அட்டையின் பின்பக்கம்தான் எல்லாவற்றிலும் நீளம். '9 - ஒத்தக் கண்ணன் குகையை அடைச்சிட்டான்.' '17 - வூடு கண்ணுக்குத் தெரிஞ்சப்ப இவன் தூங்கிட்டான், கூட வந்தவனுங்க காத்து மூட்டையை அவுத்துட்டானுங்க.' பதினேழாம் ஊசியன்று அவள் அழுதுவிட்டாள். "கண்ணுக்குத் தெரிஞ்சுதா நர்சம்மா? வூடு தெரிஞ்சுதா? பாவி, தூங்கிட்டானே!" என்று கையை உதறினாள்.

வைகாசியில் எடை நாற்பதைத் தொட்டது. இருமல் இல்லை. அட்டை: '38 - தெப்பம் ஒடஞ்சுபோச்சு.'

அப்போது நர்சம்மாவின் தங்கைக்குப் பிரசவம். பத்து நாள் லீவில் சின்னசேலம் கிளம்பினார். பஸ் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார்.

"ஊசி போடு. மாத்திரையை முழுங்கறாங்களான்னு பாரு. கதை மட்டும் சொல்லாத. எங்க நின்னுச்சோ அங்கயே நிக்கட்டும்."

"எனக்கு எங்க சிஸ்டர் கதை தெரியும்?"

அது அப்போது உண்மை. அன்று மத்தியானம்வரைக்கும் உண்மை. சாப்பிட்ட பிறகு அவர் மேஜையிலிருந்த அந்தக் காலண்டர் உறைப் புத்தகத்தை எடுத்தேன். கையில் ஒரு பழைய அகராதி. மூன்று நாளில் கப்பக்காரன் கதையின் கடைசிப் பக்கங்களை முட்டி மோதிப் படித்தேன். வந்து சேர்கிறான். பிச்சைக்காரன் வேஷத்தில் தன் வீட்டுக்கே வருகிறான். நாய் அடையாளம் கண்டுகொள்கிறது. பெண்டாட்டி கட்டிலை வைத்து அவனைச் சோதிக்கிறாள். சேர்ந்துவிடுகிறார்கள். அதற்குக் கீழே இன்னும் கொஞ்சம் இருந்தது. அகராதியில் தேடி அலுத்துவிட்டது. மூடிவிட்டேன்.

முப்பத்தொன்பதாவது ஊசிக்கு அவள் வந்தாள். நர்சம்மா இல்லை என்றதும் முகம் விழுந்துவிட்டது. ஊசி போட்டேன். என் கை நர்சம்மா கை இல்லை, வலித்திருக்கும். பஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"கம்பண்டரு சார், தெப்பம் ஒடஞ்சுதே, பொழச்சானா?"

"நர்சம்மா வந்து சொல்லுவாங்க."

"முழுசா வாணாம் சார். வூட்டுக்கு வந்தானா இல்லியா? அது ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க."

எனக்குத் தெரிந்த ஒரு விஷயத்தை இன்னொருவர் கெஞ்சிக் கேட்பது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வந்துட்டான்மா. பொண்டாட்டியோட சொகமா இருந்தான்."

நாயையும் கட்டிலையும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன். அதுதான் வயிற்றெரிச்சல். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். "வருவான்னு எனக்குத் தெரியும் சார்" என்றாள். போகும்போது வாசலில் நின்று என்னைக் கும்பிட்டாள்.

அடுத்த ஊசிக்கு அவள் வரவில்லை. அந்த ஊர்க்காரர் ஒருவர் மூலம் ஒரு பாட்டில் மலைத்தேன் வந்தது, போலீசு கம்பவுண்டருக்கு என்று சொல்லி. களிக்குத் தொட்டுக்கொண்டு நானே தின்றேன். நல்ல தேன்.

நர்சம்மா திரும்பி வந்ததும் அட்டைகளைத்தான் எடுத்தார். '39' என்பதற்கு எதிரே பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அதற்குப் பிறகு முன்பக்கமும் வெறுமை.

"கதை ஏதாச்சும் சொன்னியா?"

"நானா? எனக்கு இன்னா தெரியும் சிஸ்டர்?"

என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். நம்பினார். நான் அவ்வளவு பெரிய முட்டாள் என்று பெயர் எடுத்திருந்தது அன்றைக்குத்தான் எனக்கு உதவியது.

"சாமை வெதைப்பு நேரம். அதான் வரலை போல" என்றார் அவராகவே. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். 'இருமல் போயிடுச்சு, காட்டுல வேலை கீது' என்று பதில் வந்தது. இரண்டாம் முறையும் சொல்லி அனுப்பினார். களை எடுத்ததும் வருவதாகச் சொன்னாளாம். நர்சம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "தெப்பம் ஒடஞ்ச எடத்துல விட்டுட்டு எப்படி நிக்கறா?" என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டே இருந்தார். நான் மாத்திரை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

புரட்டாசியில் கீழே ரோடு மறியல் ஆரம்பித்தது. இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். மேலே எங்களுக்கு வந்த செய்தி, பஸ் வரவில்லை என்பது மட்டும்தான். முதல் நாள் வரவில்லை, இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் அவளைக் கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மாமியார் கூடவே ஓடி வந்தாள். கட்டிலில் கிடந்தவளின் சேலை முன்பக்கம் முழுக்க இருமித் துப்பிய ரத்தம். எங்களிடம் இருந்த மருந்துக்கு அது அடங்குகிற நிலையில் இல்லை. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கடுக்காய் வியாபாரி ஒருவரின் ஜீப் நின்றிருந்தது. கட்டிலோடு ஏற்றிக்கொண்டு இறங்கினோம். கச்சிராயபாளையம் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே புளியமரம் விழுந்து கிடந்தது. கட்டிப்பிடிக்க மூன்று ஆள் வேண்டும், அவ்வளவு பருமன். அதற்கு அப்பால் இன்னொன்று. கண்ணுக்கு எட்டியவரைக்கும் ரோடு முழுக்கப் பச்சை இலை. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இளைஞர்கள் மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

"ஜீப்பு போவாதுங்க. கலெக்டரு ஜீப்பா இருந்தாலும் போவாது" என்றான் ஒருவன்.

நர்சம்மா இறங்கினார். "ஜீப்பு போவ வாணாம். பொண்ணு போவணும்."

அவன் எட்டிப் பார்த்தான். சேலையைப் பார்த்தான். மரத்திலிருந்து குதித்து, "டேய், வாங்கடா, கட்டிலைப் புடிங்க" என்றான். அவனோடு சேர்த்து எட்டுப் பேர் ஆனார்கள்.

மரத்துக்கு மேலே நான்கு பேர், இந்தப்பக்கம் இரண்டு பேர், அந்தப்பக்கம் இரண்டு பேர் என்று கட்டிலைக் கை மாற்றினார்கள். "நாம வெட்டின மரத்தை நாமளே தாண்டறோம் பாரு" என்று ஒருவன் முனகினான். "பேசாம தூக்குடா" என்றான் முதலாமவன். நர்சம்மா கட்டிலின் பக்கத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் மருந்துப் பையோடு பின்னால்.

இரண்டாவது மரம் தாண்டியதும் நர்சம்மா குனிந்து கேட்டார்: "ஏன்டி வரலை? தெப்பம் ஒடஞ்சு தண்ணியில கெடக்கறான், அப்படியே வுட்டுட்டியே?"

"அதான் வூட்டுக்கு வந்துட்டானே நர்சம்மா" என்றாள் அவள். குரல் காற்றாகத்தான் வந்தது. "கம்பண்டரு சார் சொன்னாரே."

நர்சம்மா திரும்பி என்னைப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. அதன் பிறகு கள்ளக்குறிச்சி போய்ச் சேரும்வரை என் பக்கம் திரும்பவில்லை.

"அவரு பாதிதான் படிச்சிருக்காரு" என்றார் அவளிடம். "வந்தான். ஆனா முடியலை. கடல் சாமிக்குக் கோவம் இன்னும் தணியலை. ஒரு குறி சொல்றவன் சொல்லியிருக்கான்: நீ மறுபடியும் கெளம்பணும். இந்த வாட்டி கடல்ல இல்ல, நடந்து. படகு தள்ளுற துடுப்பைத் தோள்ல போட்டுகினு நடந்துகினே இரு. கடலையே பாக்காத ஜனங்க இருக்கற ஊரு வரைக்கும் போவணும்."

"எதுக்காம்?" என்றாள்.

"எதுக்காம்க்கா?" என்றான் கட்டிலின் முன்காலைப் பிடித்திருந்தவன்.

"தூக்கிகினு நட. அடுத்த மரத்துக்குச் சொல்றேன்."

அவன் நடந்தான். அடுத்த மரம் வந்தது. அடுத்த மரத்துக்கு ஒரு வரி. அதற்கடுத்த மரத்துக்கு இன்னொரு வரி. அவர்கள் ஊர் எல்லையோடு திரும்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். திரும்பவில்லை. வடக்கனந்தல்வரை வந்தார்கள். அங்கே ஒருவர் வீட்டில் டிராக்டர் இருந்தது. அதைக் காட்டுவழியாகச் சுற்றி எடுத்துக்கொண்டு வரும்வரை கட்டிலை நிழலில் இறக்கி வைத்தார்கள்.

"உப்புன்னா இன்னான்னு தெரியாத ஊரு" என்று நர்சம்மா சொல்லிக்கொண்டிருந்தார். "கப்பலைக் கண்ணால பாக்காத ஊரு. அங்க ஒருத்தி எதுக்க வருவா. தோள்ல இருக்கறதைப் பாத்துட்டு, இது இன்னாத்துக்கு, களத்துல தானியம் தூத்தற பலகையான்னு கேப்பா. யாரு அப்படிக் கேக்கறாங்களோ, அந்த எடத்துல துடுப்பை மண்ணுல நட்டுட்டு நின்னுடணும். அதோட அலைச்சல் தீந்துது."

அவள் கண்ணைத் திறந்தாள். "நாங்ககூட கடலைப் பாத்ததில்லியே."

"ஆமா."

"அப்ப எங்க ஊருக்குத்தான் வரான்."

"வந்துகினு இருக்கான். மலை ஏறிட்டான். எதுக்க ஒருத்தி சாமை மூட்டையோட எறங்கறா. அவனைப் பாத்து..."

டிராக்டர் சத்தம் கேட்டது.

"பாத்து?"

"நாளைக்கு ஊசிக்கு" என்றார் நர்சம்மா.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குச் சாயங்காலத்துக்கு முன்பே சேர்த்துவிட்டோம். டாக்டர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். மறுநாள் காலை ஊசி நேரத்துக்கு அவள் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் நர்சம்மா மாமியாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "சிஸ்டர்" என்றேன். ஜோக்கு வந்தால்கூடச் சொல்லியிருப்பேன்.

"நீங்க மேல போறதுக்கு வழி பாருங்க" என்றார்.

அதுவரை அவர் என்னை 'நீ' என்றுதான் கூப்பிட்டிருந்தார்.

மறியல் ஓய்ந்து நாங்கள் ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய அன்று அந்தப் பெண்ணின் அட்டையை அவர் தனியாக எடுத்தார். '39' என்பதற்கு எதிரே, நான் வெறுமையாக விட்ட இடத்தில், '39 - துடுப்பு தோள்ல' என்று எழுதி இழுப்பறைக்குள் வைத்தார். அவர் அந்தப் பக்கம் போனதும் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவர் ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. துடுப்பு, உப்பு, தானியம் தூற்றுகிற பலகை எல்லாமே இருந்தன. அகராதி அலுத்து நான் மூடிய அதே பக்கத்தில், நான் நிறுத்திய வரிக்குக் கீழே.

கார்த்திகையில் புருஷன் வந்தான். தோளில் ஒரு குடை, கையில் அவளுக்கு வாங்கிய சிவப்புக் கம்பளி. மருந்து வாங்குகிற ஜன்னலுக்கு வந்து என்னிடம்தான் கேட்டான்: "கடைசியா என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாளாங்க?" எதற்கும் வாய் திறக்கிற எனக்கு அன்று வாய் திறக்கவில்லை. நர்சம்மா வந்து அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனார். "சண்டைக்குப் போனவன் ஒருத்தன்" என்று முதலிலிருந்து ஆரம்பிப்பது தடுப்புக்கு அந்தப்புறம் கேட்டது. எங்கே நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாது. நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

அதற்குப் பிறகும் அவர் மற்றவர்களுக்குக் கதை சொன்னார். சொல்லித்தான் ஆகவேண்டும், அட்டைகள் இருந்தனவே. ஆனால் நான் எதற்காவது தடுப்பை விலக்கினால் கதை நின்றுவிடும். நான் மருந்தை வைத்துவிட்டு வெளியேறும்வரை ஊசிக்குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பார், காற்றே இல்லாத ஊசிக்குழாயை. இரண்டு வருஷம் அப்படி. பிறகு அவருக்கு மாற்றல் வந்தது.

பிறகு ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். சின்னசேலம் ரயில் நிலையத்தில், பகல் வண்டிக்குக் காத்திருந்தபோது. நான் பென்ஷன்காரன் ஆகியிருந்தேன். அவருக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. பெஞ்சியில் இடம் விட்டார். உட்கார்ந்தேன். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, தங்கை மகள் கல்யாணம் எல்லாம் பேசினோம். போலீசு கம்பவுண்டர் கதையை நானே எடுத்துவிட்டேன். லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டது.

"சிஸ்டர், கதையைச் சொன்னதுகூடப் பரவாயில்ல. நீங்க திரும்பி வந்து கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன் பாருங்க, அதுதான். உண்மையைச் சொல்லியிருந்தா அன்னிக்கே நீங்க மலை ஏறிப் போயி, இன்னும் முடியலைடின்னு சொல்லி அவளை இட்டாந்திருப்பீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். இல்லை என்று சொல்லவில்லை.

தூரத்தில் வண்டி வருவது தெரிந்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் எழுந்தேன்.

"என்னை மன்னிச்சிட்டீங்களா இல்லியா? அது ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க சிஸ்டர்."

"முடிவை என்கிட்ட கேக்காதீங்க."